அடுத்தவர் ஊரில் ஏன் மோதுகிறார்கள்? வல்லரசுப் போட்டிக்கு ஓர் அறிமுகம்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், செங்கடலின் வாசலில், ஜிபூட்டி என்றொரு நாடு இருக்கிறது. மதுரை மாவட்டத்து மக்கள்தொகையில் பாதிகூட அங்கே கிடையாது. எண்ணெய் இல்லை, தங்கம் இல்லை, விவசாயத்துக்குத் தண்ணீர் இல்லை. வெயில் மட்டும் நம் கத்திரியைத் தூக்கிச் சாப்பிடும். அந்த ஊரில் அமெரிக்கா, சீனா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் ராணுவத் தளம் வைத்திருக்கின்றன. சீனா தன் எல்லைக்கு வெளியே கட்டிய முதல் ராணுவத் தளமே அதுதான், 2017இல் திறந்தார்கள். அமெரிக்கத் தளத்துக்கும் அதற்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

ஒன்றுமே விளையாத ஊரில் இத்தனை பேருக்கு என்ன வேலை? புவிசார் அரசியலைப் புதிதாகப் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலர், உக்ரைன், தைவான், தென்சீனக் கடல் என்று தனித்தனித் தலைப்பாக மனப்பாடம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தேதியும் ஒப்பந்தமும் தலைகீழாகச் சொல்வார்கள். ஏன் அந்த இடம், ஏன் பக்கத்து இடம் இல்லை என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜிபூட்டிக்கு முன்னால் இருப்பது பாப் அல் மண்டப் நீரிணை. அகலம் சுமார் 30 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து மேலூர் போகிற தூரம். ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போகிற கப்பல் எல்லாம் அந்த இடுக்கில் நுழைந்துதான் ஆக வேண்டும். அங்கே நிலத்துக்கு மதிப்பில்லை, அந்த நிலத்தில் நின்று பார்த்தால் தெரிகிற கடலுக்குத்தான் மதிப்பு. இதே கணக்கில் பாரசீக வளைகுடாவுக்கு ஹோர்முஸ், தென்கிழக்காசியாவுக்கு மலாக்கா. ஹோர்முஸின் மிகக் குறுகிய இடம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அமைதியான காலத்தில், அந்த வழியாகத்தான் வரும்.

இதெல்லாம் நமக்கு எங்கே உறைக்கிறது என்றால், முதலில் அடுப்பங்கரையில். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது, அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து ஹோர்முஸைத் தாண்டி வந்ததாகவே இருந்திருக்கிறது. ஆக, ஈரான் பக்கம் சத்தம் கேட்டால் செல்லூரில் சிலிண்டரைப் பற்றிக் கவலைப்படுவது அனாவசியக் கவலை இல்லை. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது நினைவிருக்கும். நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அந்த இரண்டு நாடுகளிலிருந்து வந்ததுதான் காரணம்.

அப்புறம் ஏற்றுமதி. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதில் ஒரு பெட்டி ஐரோப்பா போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறும், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும், பிறகு பாப் அல் மண்டப், செங்கடல், சூயஸ். இதுதான் வழக்கமான பாதை. 2023 நவம்பரில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்த வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போயின. பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் கூடுதல். வாடகை ஏறியது. ஹூதிகள் வல்லரசு இல்லை, ஆனால் அவர்கள் பின்னால் ஈரான் இருக்கிறது, அவர்கள் மீது குண்டு போட அமெரிக்காவும் பிரிட்டனும் வந்தன. சத்திரப்பட்டித் தறிக்காரருக்கு இதில் எந்தக் கட்சியும் கிடையாது. பெட்டி போய்ச் சேராதவரை பணம் வராது என்பது மட்டும்தான் அவர் கணக்கு.

சரி, வழிதான் காரணம் என்றால் ஒரே ஒரு நாடு காவல் காத்தால் போதாதா? ஐந்து பேர் ஏன் பக்கத்தில் பக்கத்தில் கொட்டகை போட வேண்டும்?

பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் கேமரா மாட்டுகிறார். தன் வண்டி திருடு போகாமல் இருக்கத்தான் மாட்டியிருப்பார். ஆனால் அது உங்கள் வாசலையும் பார்க்கிறது. நீங்களும் ஒன்று மாட்டுகிறீர்கள், கொஞ்சம் உயரமாக. அவர் மதிலை உயர்த்துகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு பகை உருவாகிவிடுகிறது. ஒருவன் தற்காப்புக்குச் செய்வது அடுத்தவனுக்குத் தாக்குதலுக்கான ஆயத்தமாகத் தெரிகிற இந்தச் சிக்கலைத்தான் பாதுகாப்பு இக்கட்டு என்கிறார்கள். வல்லரசுகளின் நடவடிக்கைகளில் பெரும்பகுதி ‘அந்த இடம் எனக்கு வேண்டும்’ என்பதால் நடப்பதில்லை. ‘அது அவனிடம் போய்விடக்கூடாது’ என்பதால் நடக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் செய்தித்தாளின் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் வேறு மாதிரி தெரியும்.

எதிராளியோடு நேரடியாக எல்லை உரசக்கூடாது என்று நடுவில் ஒரு நாட்டை வைத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். ஆப்கானிஸ்தான் வரைபடத்தைப் பாருங்கள், வடகிழக்கில் வால் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வாகான் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இழுத்து விட்ட கோடு அது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. உக்ரைனை ரஷ்யா பார்ப்பதும் ஓரளவு இந்தக் கண்ணால்தான். உக்ரைன்காரர்களுக்குத் தாங்கள் ஒரு நாடு என்ற நினைப்பு இருக்கிறது, மாஸ்கோவுக்கு அது தன் வாசல் திண்ணை என்ற நினைப்பு. இப்படி விளக்கிச் சொல்வதால் 2014இல் கிரிமியாவை எடுத்துக்கொண்டதும் 2022இல் படை அனுப்பியதும் நியாயமாகிவிடாது. காரணம் சொல்வது வேறு, நியாயம் கற்பிப்பது வேறு. டிவி விவாதங்களில் இந்த இரண்டும் தினமும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன.

இனி, பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும் விஷயத்துக்கு வருகிறேன். வல்லரசு பெரும்பாலும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. உள்ளே இருந்து யாராவது கூப்பிடுகிறார்கள். உள்ளூரில் பங்காளிச் சண்டை, அதில் தோற்கிற நிலையில் இருப்பவர் வெளியில் ஆள் தேடுகிறார். இதைப் புரிந்துகொள்ள வாஷிங்டனுக்கோ பெய்ஜிங்குக்கோ போக வேண்டாம். மதுரையிலேயே ஒரு கதை இருக்கிறது, 850 வருஷத்துக்கு முந்தியது.

1160களின் கடைசியில் பாண்டிய அரியணைக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். பராக்கிரம பாண்டியன் மதுரைக்குள் இருந்தான், குலசேகர பாண்டியன் கோட்டையை வளைத்திருந்தான். மாட்டிக்கொண்ட பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். இலங்கைப் படை கிளம்பிக் கரையேறுவதற்குள் மதுரை விழுந்தது, கூப்பிட்டவன் கொல்லப்பட்டான். படை திரும்பிப் போக வேண்டியதுதானே? போகவில்லை. தளபதி இலங்காபுரன் ராமேஸ்வரத்தைப் பிடித்தான், குந்துகாலில் ஒரு கோட்டையும் கட்டினான். அதற்குத் தன் ராஜாவின் பெயரையே வைத்து பராக்கிரமபுரம் என்றான். பிறகு ஒவ்வொரு ஊராகச் சண்டை போட்டு மதுரைக்கு வந்து, இறந்தவனின் மகன் வீரபாண்டியனை அரியணையில் உட்கார வைத்தான். பராக்கிரமபாகுவின் காசு பாண்டிய நாட்டில் புழங்கியதாகச் சிங்களர்களின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது.

குலசேகரன் சும்மா இருப்பானா? சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் போனான். சோழர்களுக்குக் குலசேகரன் மீது தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. மதுரை இலங்கையின் கையில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சோழப் படை வந்தது, இலங்கைப் படை தோற்றது. மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இலங்காபுரத் தண்டநாயகன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரை வாசலில் ஆணியடித்து வைத்ததாக அது பெருமையாகச் சொல்கிறது. சூளவம்சத்தைப் படித்தால் இந்தத் தோல்வியே அதில் வராது, இலங்காபுரன் வெற்றி மேல் வெற்றி பெற்றான் என்று இருக்கும். ஒரே போருக்கு இரண்டு அரசுச் செய்திக் குறிப்புகள். இன்று மாஸ்கோவும் கீவும் தினசரி வெளியிடுவதைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கதை இன்னும் முடியவில்லை. அரியணை கிடைத்த குலசேகரன், சோழர்களின் பிடி தாங்காமல், இலங்கையோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தான். விஷயம் தெரிந்ததும் சோழர்கள் அவனை விரட்டிவிட்டு யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? வீரபாண்டியனை. எவனை இறக்குவதற்காக அத்தனை தலைகளை வெட்டினார்களோ அவனையே. சில வருஷத்தில் அவனும் இலங்கைப் பக்கம் சாய, அடுத்து வந்த சோழன் மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியன் என்று இன்னொருவனைக் கொண்டுவந்தான்.

இப்படி அடுத்தவர் சண்டையில் தன் ஆளை இறக்கி நடத்துவதைத்தான் இன்று பினாமிப் போர் என்கிறோம். சிரியாவில் நடந்தது, ஏமனில் நடந்தது, லிபியாவில் நடந்தது. மூன்றிலும் மாறாத விதி ஒன்று உண்டு: வெளியில் இருந்து வருகிறவருக்கு ஆள் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். ஆளை மாற்றிக்கொள்ளத் தயங்கவே மாட்டார்.

இதன் கொடூரமான உதாரணம் காபூல். 1979இல் ஆப்கானிஸ்தானின் கம்யூனிஸ்ட் அரசு உள்நாட்டுக் கலகத்தை அடக்க முடியாமல் சோவியத் படையை அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்டவர்களில் ஹபிசுல்லா அமீனும் ஒருவர். டிசம்பரில் படை வந்தது. வந்த வேகத்தில், 27ஆம் தேதி, அமீனைத்தான் அவருடைய மாளிகையிலேயே கொன்றது. பப்ராக் கர்மாலை ஆட்சியில் வைத்தது. 1989இல் சோவியத் வெளியேறும்வரை எதிர்த்தரப்புக்கு அமெரிக்கா ஆயுதமும் பணமும் பாகிஸ்தான் வழியாக அனுப்பிக்கொண்டே இருந்தது.

யாரும் கூப்பிடாவிட்டால்? கூப்பிட்டதாகக் காட்ட ஒரு காகிதமாவது தேடுவார்கள். 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது, உள்ளூர்க் கட்சிக்காரர்கள் சிலர் மாஸ்கோவுக்கு எழுதிய கடிதம் கையில் இருந்தது. 2014 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் ரஷ்யத் தூதர், நாட்டைவிட்டு ஓடிப்போன உக்ரைன் அதிபர் யானுகோவிச்சின் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். படை அனுப்பும் நாட்டுக்கும் அழைப்பிதழ் தேவைப்படுகிறது பாருங்கள்.

இப்போதெல்லாம் படையை அனுப்புவது குறைவு. அது செலவு, கெட்ட பெயர். அதற்குக் கீழே நிறைய படிகள் இருக்கின்றன: கடன், துறைமுகம், கடலடிக் கேபிள், மீன்பிடிப் படகு, தண்ணீர் பீரங்கி. தென்சீனக் கடலில் செகண்ட் தாமஸ் ஷோல் என்று ஒரு பவளத்திட்டு. 1999இல் பிலிப்பைன்ஸ் தன் பழைய போர்க்கப்பல் ஒன்றை வேண்டுமென்றே அதில் தரைதட்ட வைத்தது. சியரா மாட்ரே என்று பெயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல். உடம்பெல்லாம் துரு. அதில் ஒரு சின்னக் குழு கடற்படை வீரர்கள் முறை வைத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகிற படகைச் சீனக் கடலோரக் காவல்படை பலமுறை மறித்துத் தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது. ஒரு குண்டுகூட வெடித்ததில்லை. குண்டு வெடித்தால் அமெரிக்கா பிலிப்பைன்ஸோடு செய்த 1951 பாதுகாப்பு ஒப்பந்தப்படி உள்ளே வர வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் ஒன்பது கோடு போட்டுத் தென்சீனக் கடலின் பெரும்பகுதி தனது என்று சீனா சொல்லும் உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று 2016இல் ஹேக் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது, சீனா அதை ஏற்கவில்லை. தீர்ப்பு ஒரு பக்கம் இருக்க, துருப்பிடித்த கப்பல்தான் இன்னும் அங்கே நிற்கிறது.

நமக்குப் பக்கத்தில் என்றால் இலங்கை. அம்பாந்தோட்டை துறைமுகம் 2017இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதைக் ‘கடன் கட்ட முடியாமல் சீனா பிடுங்கிக்கொண்டது’ என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மை இல்லை. குத்தகையாக வந்த சுமார் 112 கோடி டாலர், சீனக் கடனைத் தள்ளுபடி செய்யப் பயன்படவில்லை. அன்னியச் செலாவணிக் கையிருப்பைத் தேற்றப் பயன்பட்டது, துறைமுகக் கடன் அப்படியே நின்றது. இலங்கையை அப்போது நெருக்கிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு சர்வதேசச் சந்தையில் வாங்கிய கடன்பத்திரங்கள். துறைமுகத்தைக் கேட்டு முதலில் அலைந்ததும் கொழும்புதான். சீனா வந்து திணிக்கவில்லை.

எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது மூன்று தீவுகளின் கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றும் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, ராமேஸ்வரத்துக்கு எதிரே. அங்கே வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கும் ஒரு சின்னத் திட்டம், 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. ஒரு சிறு நகரத்துக்குக்கூடப் போதாத மின்சாரம். ஆனால் தமிழகக் கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் சீன ஆட்களா என்று டெல்லி எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த வருஷக் கடைசியில், ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை’ காரணமாகத் திட்டத்தை நிறுத்துவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்தை இந்தியா எடுத்துக்கொண்டது, கடனாக இல்லை, மானியமாக. டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த தீவுக்காரர்கள் நடுவில் காத்திருந்தார்கள். யாருடைய காற்றாலை என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் பிடிபடும்போதெல்லாம் ‘பின்னணியில் சீனா’ என்று ஒரு பதிவு கிளம்பும். நம்பாதீர்கள். அது இழுவைமடி விசைப்படகு, குறைந்துபோன மீன், போருக்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய வடக்கு மாகாண மீனவர்கள் என்று இரண்டு கரைத் தமிழர்களின் வயிற்றுப்பிழைப்புப் பிரச்சினை. எல்லாவற்றுக்கும் வல்லரசைக் காரணம் காட்டினால் தீர்க்கக்கூடிய பிரச்சினையும் தீராமல் போகும்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். சாமர்த்தியமாகச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜிபூட்டி ஐந்து பேரிடமும் வாடகை வாங்குகிறது. வியட்நாம் இன்னும் கெட்டிக்காரத்தனம்: 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஹனோய்க்கு வந்தார், டிசம்பரில் சீன அதிபர் ஷி வந்தார், 2024 ஜூனில் புடின் வந்தார். மூவரையும் வரவேற்றவர் ஒரே ஆள்தான், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் நுயென் பூ ட்ரோங். அந்த நாடு பிரான்சோடு, அமெரிக்காவோடு, சீனாவோடு என்று மூன்று பேரோடும் போர் செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இதற்கு உள்ளூரில் பிளவு இல்லாமல் இருக்க வேண்டும், கூப்பிட ஆள் கிடைக்கக்கூடாது. அது எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

பாண்டியர்கள்கூடக் கடைசியில் சுதாரித்தார்கள். 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். அப்போது சோழனைக் காப்பாற்ற மேற்கேயிருந்து ஹொய்சாளர்கள் வந்தார்கள். அதாவது நேற்றுவரை பாண்டியநாட்டில் ஆள் மாற்றிக்கொண்டிருந்த சோழனின் அரியணை, இப்போது அடுத்தவர்கள் மோதும் இடமாகிவிட்டது.

கடைசியாக ஒன்று, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. வல்லரசு என்றதும் நமக்கு அமெரிக்காவும் சீனாவும்தான் ஞாபகம் வரும். மாலேயிலோ காத்மாண்டுவிலோ கொழும்பிலோ உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கும். 2023இல் மாலத்தீவில் முகமது முய்சு, இந்திய ராணுவத்தினரை வெளியேற்றுவேன் என்று சொல்லித்தான் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். அங்கே இருந்தவர்கள் நூறு பேருக்குக் கீழேதான், நாம் கொடுத்த ஹெலிகாப்டர்களையும் விமானத்தையும் இயக்கிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் நோயாளிகளைத் தீவுகளிலிருந்து தூக்கிவரும் வேலை. 2024 மே மாதத்துக்குள் அவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். அதே ஹெலிகாப்டர்களை இயக்க அவர்கள் இடத்துக்கு இந்தியாவிலிருந்தே ராணுவம் சாராத ஆட்கள் போனார்கள். அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்து, 40 கோடி டாலர் செலாவணி மாற்று ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.